இரண்டாவது சிசேரியனுக்கு முன் வீட்டைத் தயார் செய்த கதை: கட்டில், கைப்பிடி, மாத்திரைத் தாள்

முதல் பிரசவம் திடீர் சிசேரியன். பல மணி நேரம் வலி எடுத்த பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்ததால் அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். வீட்டில் குழந்தைக்கு வேண்டியது எல்லாம் தயாராக இருந்தது, எனக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்து எங்கள் தாழ்வான கட்டிலில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க வழி தெரியாமல் அப்படியே அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த முறை தேதி குறித்த சிசேரியன், 39-வது வாரத்தில். 34-வது வாரத்தில் வேலையை ஆரம்பித்தோம், ஐந்து வாரம் கையில் இருந்தது. அதில் நானும் கணவரும் என்ன செய்தோம், எது உதவியது, எதைப் பிரித்துப்போட்டுத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது என்பதெல்லாம் இதில் இருக்கிறது. மருந்து, தையல் விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. நான் சொல்ல வருவது வீட்டைப் பற்றி.

எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தபோது ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. சிசேரியனில் தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் உறுதியான உறை, கர்ப்பப்பைச் சுவர் என்று அடுக்கடுக்காகத் திறந்து தைக்கிறார்கள். வயிற்றின் நேர்த்தசைகளைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்குகிறார்கள். ஆனால் அந்தத் தசை இறுகும்போதெல்லாம் தைத்த உறையும் சேர்ந்து இழுபடுகிறது. அதனால் வீட்டில் எந்தெந்த அசைவு வயிற்றுத் தசையைக் கேட்கிறதோ அதையெல்லாம் முன்பே கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நாள் முழுக்க ஒரு கை வயிற்றின் மேல், இன்னொரு கையில் நோட்டு. படுக்கையிலிருந்து எழும்போது, கீழ் டிராயரைத் திறக்கும்போது, கழிப்பறையில் உட்கார்ந்து எழும்போது, கனமான கதவைத் தள்ளும்போது, குனிந்து செருப்பு போடும்போது வயிறு கல் மாதிரி இறுகுவது கையில் தெரிந்தது. தெரிந்த இடத்தையெல்லாம் குறித்தேன். சாயங்காலத்துக்குள் 23 இடம் சேர்ந்துவிட்டது. பாதிக்கு மேல் பொருளை வேறு உயரத்துக்கு மாற்றினாலே தீர்ந்துவிடும் விஷயங்கள்தான். என் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே கை எட்டும் உயரத்தில் இருப்பது மட்டும்தான் இனி என் பொருள், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கணவர் பொறுப்பு என்று முடிவு செய்தோம்.

முதல் பெரிய வேலை கட்டில். மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 38 செ.மீ. நான் விளிம்பில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கி 33 ஆகிவிடுகிறது. என் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 42. அதாவது உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட 9 செ.மீ. கீழே போகிறது, அந்தக் குழியிலிருந்து எழுவதற்கு உடம்பை முன்னால் வளைத்து வயிற்றை முழுசாக இறுக்கித்தான் ஆக வேண்டும். முதல் தடவை நான் அழுததற்கு இந்த 9 செ.மீ. தான் காரணம் என்று அளவு எடுத்த பிறகுதான் தெரிந்தது. இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும், அதே நேரம் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும்.

கணவர் 12 செ.மீ. உயரத்தில் நாலு மரக்கட்டை அறுத்து வந்து கட்டில் காலுக்கு அடியில் வைத்தார். மறுநாளே மூத்தவன், மூன்று வயது, மேலே ஏறிக் குதித்தான், ஒரு கால் கட்டையிலிருந்து நழுவிக் கட்டில் சாய்ந்தது. நல்லவேளை யாருக்கும் அடி இல்லை. ஆனால் நான் தையலோடு படுத்திருக்கும்போது அது நடந்திருந்தால் என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கட்டையை வெறுமனே அடியில் வைக்கவே கூடாது. கால் உட்காரும் அளவுக்கு மேலே குழி இருக்க வேண்டும், கட்டையின் அடிப்பரப்பு காலைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும், தரையில் வழுக்காமல் அடியில் ரப்பர் ஷீட் ஒட்ட வேண்டும். இரண்டாவது தடவை 15-க்கு 15 செ.மீ. கட்டையில் 2 செ.மீ. ஆழத்துக்கு உளியால் குடைந்து செய்தார். அதன்பிறகு இரண்டு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தும் அசையவில்லை.

ஆனால் கட்டில் ஏறியதும் தொட்டில் கீழே போய்விட்டது. கட்டிலை ஒட்டி வைக்கும் வகைத் தொட்டில் அது, குழந்தையை நகர்த்தி எடுக்க இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இடையில் இடைவெளியே இருக்கக் கூடாது. அதையும் கட்டை மேல் ஏற்றிவிடலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், தொட்டில் கவிழும். அதன் கால்களிலேயே உயரம் மாற்றும் வசதி இருந்தது, மிக உயர்ந்த நிலையில் வைத்துப் பார்த்தால் கட்டிலைவிட 2 செ.மீ. குறைவு. அதனால் கட்டிலைத்தான் இறக்கினோம், தூக்கும் உயரம் 12-லிருந்து 10 ஆனது. நான் உட்கார்ந்தால் 43, முழங்கால் 42. ஒரே ஒரு செ.மீ. தான் அதிகம், அது போதுமாக இருந்தது.

எந்தப் பக்கம் இறங்குவது என்பதும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம். சிசேரியனுக்குப் பிறகு நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, மரக்கட்டை உருளுவது மாதிரி பக்கவாட்டில் உருண்டு, காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையாலும் கையாலும் மெத்தையை அழுத்தி எழ வேண்டும். அதற்கு விளிம்பு காலியாக இருக்க வேண்டும். நான் தொட்டிலையும் அதே பக்கத்தில் வைத்திருந்தேன்! 36-வது வாரத்தில் ஒத்திகை பார்த்தபோதுதான் கால் போட இடமே இல்லை என்று தெரிந்தது. சரி என்று ஏற்பாட்டையே மாற்றினோம். கழிப்பறைப் பக்க விளிம்பு எனக்கு, மறுபக்கம் தொட்டில், கணவர் ஆறு வாரத்துக்கு மூத்தவன் அறையில். எழும் பக்கத்தில் கை ஊன்ற நகராத ஒரு கனமான நாற்காலி போட்டோம். கட்டில் காலில் துணியைக் கட்டி அதை இழுத்து எழும் முறையையும் முயன்றேன், எனக்கு அது சரிப்படவில்லை, இழுக்கும்போதே வயிறு இறுகத்தான் செய்கிறது. உருண்டு எழுவதை ஒரு நாளைக்கு ஐந்து தடவை பழகினேன், அறுவைக்குப் பிறகு மயக்கக் கலக்கத்திலும் உடம்பு அதைத் தானாகவே செய்தது.

அடுத்தது கழிப்பறை. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவதுதான் எல்லோருக்கும் பழக்கம், அது துண்டின் எடையைத் தாங்கச் செய்தது, ஆளின் எடையை அல்ல. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகைக் கைப்பிடி ஒன்றும் வாங்கி ஒட்டிப் பார்த்தோம், மூன்றாம் நாள் குளிக்கும்போது தானாகக் கழன்று விழுந்தது. அதனால் சுவரில் துளை போட்டு ஸ்டீல் கைப்பிடி மாட்டுவது என்று முடிவானது. எப்படி மாட்டினார் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில் தப்பு செய்தால் டைல்ஸ் உடையும், இல்லாவிட்டால் அதைவிட மோசமாகக் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

முதலில் அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயோ வயரோ போகிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் கழிப்பறையில் உட்கார்ந்து, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறது என்று காட்ட, அந்த இடத்தில் பென்சிலால் குறித்தார். வழுவழுப்பான டைல்ஸில் பிட் வழுக்காமல் இருக்கக் குறி மேல் காகித டேப் ஒட்டி, டைல்ஸுக்கான பிட்டைப் போட்டு, டிரில்லில் சுத்தியல் முறையை அணைத்துவிட்டு மெதுவாகத் துளைத்தார். டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்ட பிறகுதான் பிட்டை மாற்றி, சுத்தியல் முறைக்குப் போனார். தூசியை ஊதி எடுத்து, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைத் துளைக்குள் அடித்து, திருகு முறுக்கினார். கடைசியில் தன் முழு எடையையும் போட்டுப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்துப் பார்த்தார், 74 கிலோ. அசையவில்லை.

கழிப்பறை இருக்கையை உயர்த்தும் வளையமும் இருக்கிறது. நானும் வாங்கலாம் என்று இருந்தேன். ஆனால் சிசேரியனுக்குப் பிறகு பெரிய தொல்லை மலச்சிக்கல். மயக்க மருந்து, பலமான வலி மருந்துகள், படுத்தே இருப்பது எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்கிவிடுகிறது. முக்கினால் தையல் வலிக்கும். காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்தி உட்கார்ந்தால் மலம் சுலபமாக வருகிறது, இருக்கையை உயர்த்தினால் அது கெட்டுவிடும். ஒன்று எழுவதற்கு வசதி, இன்னொன்று போவதற்கு வசதி. நான் ஸ்டூலையும் கைப்பிடியையும் தேர்ந்தெடுத்தேன், வளையம் வேண்டாம். அறுவைக்குப் பிறகு முதல் தடவை போகும்போது நாலாக மடித்த துண்டைத் தையல் மேல் வைத்து உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன், மருத்துவர் கொடுத்த மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே விடாமல் எடுத்தேன், தண்ணீர் நிறையக் குடித்தேன். போன தடவை ஆறு நாள் பட்ட அவஸ்தை இந்தத் தடவை இரண்டு நாளில் முடிந்தது.

குளியலறையில் பெரிதாக வேலை இல்லை. முதுகு சாய்க்கிற மாதிரி வழுக்காத கால் உள்ள ஒரு நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர், ஷாம்புவை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றியது, அவ்வளவுதான்.

உடை விஷயத்தில் முதல் தடவை செய்த தப்பை யாரும் செய்ய வேண்டாம். சாதாரண உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேலேயே உட்காரும், ஏனென்றால் வெட்டு அடிவயிற்றில், முடி ஆரம்பிக்கும் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. தொப்புளுக்கு மேல் வரை வரும் பருத்தி உள்ளாடை, வழக்கத்தைவிட இரண்டு அளவு பெரிதாக எடுத்தேன். பிறகு பேட். சிசேரியன்தானே, ரத்தப்போக்கு இருக்காது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் கர்ப்பப்பையின் உட்சுவர் எந்தப் பிரசவத்திலும் ஆறத்தானே வேண்டும், நாலிலிருந்து ஆறு வாரம் வரை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். பெரிய பேட் நிறைய வாங்கிக் கழிப்பறையில் கை எட்டும் இடத்தில் வைத்தேன்.

கட்டிலருகே மூன்று தட்டு டிராலி. ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, நீள வயர் சார்ஜர், பேட், துடைக்கும் துணி எல்லாம் மேல் இரண்டு தட்டில். கீழ்த்தட்டில் கையிருப்பு டயப்பர், கணவர் தினமும் காலையில் அதிலிருந்து மேலே நிரப்புவார். டயப்பர் மாற்றுவதைக் கட்டிலில் குனிந்து செய்யவே இல்லை, இடுப்பு உயர அலமாரி மேல் விளிம்பு உள்ள மெத்தை போட்டு நின்றுகொண்டே செய்தேன். ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும்.

பால் கொடுக்கக் கைப்பிடி உள்ள, உறுதியான, உயரமான நாற்காலி. குழந்தையை மடியில் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் தலையணை மேல் வைத்து, கால் பின்னால் போகிற மாதிரி அக்குளுக்குக் கீழே அணைத்துக் கொடுத்தால் தையல் மேல் எடையே விழாது. சோபாவில் மட்டும் உட்காரவில்லை. அதிலிருந்து எழுவது கஷ்டம் என்பது ஒன்று. பால் கொடுத்துக்கொண்டே சோபாவில் தூங்கிப்போனால் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து அதிகம் என்பது அதைவிடப் பெரிய காரணம், சிசேரியன் ஆன அம்மாவுக்கு எந்த நிமிடம் தூக்கம் வரும் என்று சொல்லவே முடியாது. பால் கொடுத்து முடித்ததும் தொட்டிலில், மல்லாக்க, தனியாக.

இவ்வளவிலும் அதிகம் உதவியது ஒரே ஒரு வெள்ளைத் தாள்தான். போன தடவை வலி வந்த பிறகு மாத்திரை போடலாம் என்று பொறுத்துக்கொண்டே இருந்தேன், அது தப்பு. வலி ஏறிய பிறகு மாத்திரை அதைத் துரத்திப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் எழ முடியாது, நடக்க முடியாது, பால் கொடுக்கவும் முடியாது. இந்தத் தடவை மருத்துவர் எழுதிக் கொடுத்த நேரங்களைத் தாளில் கட்டம் போட்டு, மாத்திரை போட்டதும் டிக் அடிக்கப் பேனாவைக் கயிற்றில் கட்டி, ராத்திரி வேளைக்கு அலாரம் வைத்தோம். எனக்கு பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, இடையில் வீக்கத்துக்கும் சேர்த்து இன்னொரு மாத்திரை. தூக்கமில்லாத ஆளுக்கு இரண்டு மணிக்குப் போட்டோமா இல்லையா என்று சத்தியமாக நினைவிருக்காது. பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சில சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கிறது, அதனால் டிக் இல்லாமல் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது என்று கறாராக இருந்தோம்.

பக்கத்திலேயே இன்னொரு தாள், கணவருக்காக. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய பேட் முழுசாக நனைவது, பெரிய ரத்தக் கட்டிகள், நாற்றமடிக்கும் போக்கு, தையல் சிவந்து சூடாவது, சீழ், தையல் பிரிவது, ஒரு காலில் மட்டும் வீக்கமோ ஆடுசதையில் வலியோ, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பார்வை மங்கலோடு கடுமையான தலைவலி, உட்கார்ந்தால் தாங்க முடியாமல் படுத்தால் குறைகிற தலைவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையும் கலந்து பேசாமல் உடனே போன். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் போனோடு நிற்காமல் நேராக அவசர சிகிச்சைக்கே. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், அதனால்தான் படுத்தே இருக்காமல் நடக்கச் சொல்கிறார்கள். கடைசி வரியில், நான் தொடர்ந்து அழுதுகொண்டிருந்தாலோ, என்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று பேசினாலோ அதற்கும் அதே போன் என்று நானே என் கையால் எழுதினேன். அந்த நிலையில் இருப்பவரால் உதவி கேட்க முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தாளுக்கு 8-வது நாள் வேலை வந்தது. தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் தையலைக் கணவர் போட்டோ எடுப்பார், வயிற்றுக்குக் கீழே இருப்பதால் எனக்கு நேரடியாகத் தெரியாது. 7-வது நாள் போட்டோவையும் 8-வது நாள் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வலது ஓரத்தில் சிவப்பு ஒரு விரல் அகலம் கூடியிருந்தது, தொட்டால் சூடு. காய்ச்சல் இல்லை. அன்றே போய்க் காட்டினோம், தொற்றின் ஆரம்பம் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், நாலு நாளில் அடங்கியது. போட்டோ இல்லாவிட்டால் எப்போதும் இப்படித்தான் இருக்கிறது என்று விட்டிருப்போம். வயிற்று மடிப்பில் ஈரம் தங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதன்பிறகு குளித்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் மல்லாக்கப் படுத்துக் காற்றுப் பட விட்டேன்.

எதிர்பார்க்காமல் வந்தவையும் உண்டு. மூன்றாம் நாள் வலது தோளில் குத்துவலி. வயிற்றுக்குள் தங்கிய காற்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்தினால் அந்த வலி தோளில் தெரியுமாம், மூச்சோடும் நெஞ்சோடும் சம்பந்தம் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் நிம்மதி. பால் கொடுக்கும்போது கர்ப்பப்பை சுருங்கும் வலி முதல் குழந்தையைவிட இரண்டாவதில் அதிகம் என்பதும் எனக்குப் புதுசு. ராத்திரி வியர்வையில் படுக்கை நனைந்துபோகும், மெத்தை உறையை இரண்டு அடுக்காகப் போட்டால் நடு ராத்திரியில் மேல் அடுக்கை மட்டும் உருவிவிடலாம். பாதம் வீங்கியதில் எடுத்து வைத்த செருப்பு எதுவும் நுழையவில்லை.

மூத்தவன்தான் என் பெரிய கவலை. அவன் 14 கிலோ, குழந்தையைவிடக் கனமாக எதையும் பல வாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திடீரென்று அம்மா தூக்க மாட்டேன் என்றால் மூன்று வயதுக்கு அது எப்படி இருக்கும்? அதனால் 35-வது வாரத்திலிருந்தே தூக்குவதைக் குறைத்து, கட்டிலருகே ஒரு படி ஸ்டூல் போட்டு, அவனே ஏறி என் இடது பக்கம் வந்து படுக்கப் பழக்கினேன். வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்து, அதற்கு இந்தப் பக்கம் அவன் இடம் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவனே ஏறி வந்து தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகப் படுத்தான். அவனுக்குச் சளி பிடித்து எனக்கும் இருமல் வந்தபோது அதே தலையணையைத்தான் வயிற்றோடு அழுத்திப் பிடித்து இருமினேன்.

ஆறாவது வாரப் பரிசோதனை முடிந்து வந்த அன்று கட்டைகளை எடுத்துக் கட்டிலைப் பழைய உயரத்துக்கு இறக்கினோம், தொட்டிலையும் அதற்குச் சமமாகத் தாழ்த்தினோம். படுத்து, பழக்கத்தில் உருண்டு, எழுந்து பார்த்தேன். வலி இல்லை, தழும்புக்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தோல் மரத்துத்தான் இருக்கிறது, அது சரியாக இன்னும் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். கழிப்பறைக் கைப்பிடியைக் கழற்றவில்லை, மூத்தவன் இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஸ்டூலில் ஏறுகிறான்.